பதினான்காவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வரியைப் படித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவாய்.

மூக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன்.

போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் மூன்று மாதம் பேச்சு வார்த்தை இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ பஸ் ஏறி வந்து கிளினிக் வாசலில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "வீட்டை விட்டு ஓடி வந்த பொண்ணு போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை டாக்டர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் உனக்கு எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

என் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பார். கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் மூக்கைத்தான் பார்க்கிறேன். ஃப்ரேமை மாட்டிவிட்டு, மூக்கின்மேல் உட்காருகிற அந்த இரண்டு சின்னத் துண்டுகளையும் வளைத்துச் சரிசெய்ய வேண்டும். எதிரே இருப்பவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. போன வாரம் ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவிடம், "இந்த ஆன்ட்டி மூக்கு ஏன் ஒரு பக்கமா போகுது?" என்று கேட்டாள். அந்த அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். எனக்கு அந்தக் கிள்ளல்தான் வலித்தது. ஸ்கூலில் கிளி என்று கூப்பிட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

இது மட்டும் காரணம் இல்லை. இன்னொன்றை எழுத வரவில்லை, விட்டுவிடு.

ஒரு விஷயம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இது பிறவி வளைவு இல்லைம்மா. சின்ன வயசுல எலும்பு உடைஞ்சு, சரி பண்ணாம அப்படியே கூடிப்போயிருக்கு. எதுல அடிபட்டுது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உனக்குத் தெரியுமா?

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்ப்பவள் நீ. ஆபரேஷனுக்கு முன்னால் நான் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக் கூடாது என்று எழுது. சண்டை போடாமல் ஒரு தடவை உதவி பண்ணு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை

*

ஜனவரி 20

தங்கைக்கு,

கடிதம் வந்தது. முதுகுவலி இருக்கிறது. நான் இருக்கிறவரை அதுவும் இருக்கும்.

வேண்டாம் என்று சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் தயாரில்லை. இருபத்தெட்டு வயதாகிறது, நீயே முடிவு செய்துகொண்டாய். ஆனால் ஒன்று தெரிந்துகொள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி அனுப்புகிறவள் நான். மூக்கு ஆபரேஷன் தட்டில் என்ன இருக்கும் தெரியுமா? உளி, சுத்தி, அரம். மாமாவின் தச்சுப் பட்டறையில் இருப்பதேதான், அளவு மட்டும் சின்னது. அழகு நிலையத்துக்குப் போய்வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு போகாதே.

சரி, கேட்டாய், சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே நின்று சிகரெட் குடிக்கிறாயே, அதை இன்றைக்கே நிறுத்து. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயாக்கும். ஒரு மாதமாவது முன்னாடியே நிறுத்தாவிட்டால் புண் ஆறாது, தோல் கறுத்துப்போகும். தலைவலிக்கு நீ போடுகிற ஆஸ்பிரினை டாக்டரிடம் காட்டி எப்போது நிறுத்துவது என்று கேள், அது ரத்தத்தை உறையவிடாது. முடி வளர என்று ஏதோ மீனெண்ணெய் மாத்திரை விழுங்குவாயே, அதுவும் அப்படித்தான். மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் மேஜையில் கொட்டிவிடு. வெட்கப்படாதே. சளி இருமல் வராமல் பார்த்துக்கொள், வந்தால் மறைக்காதே.

உன் மூக்கு பிறவி மூக்கு. அப்பாவின் அக்காவுக்கு அச்சு அசல் அதே மூக்கு. எந்த அடியும் படவில்லை. எக்ஸ்ரே பார்க்கிறவர்களுக்கு எதையாவது சொல்ல வேண்டுமே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜனவரி 21

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம்தானே? கை நடுக்கம் குறைந்ததா? பட்டறைக்கு இன்னும் போகிறீர்களா?

சின்னவள் மறுபடியும் மூக்கு ஆபரேஷன் என்று கிளம்பியிருக்கிறாள். இந்த முறை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பழைய எலும்பு முறிவு, எதில் அடிபட்டது என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை, பிறவி மூக்கு என்று நான் எழுதிவிட்டேன். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அவளுக்கு அப்போது நாலு வயசு. இழுப்பறையைத் திறந்து அதன்மேல் ஏறி அலமாரியைச் சாய்த்துக்கொண்டதும், அம்மா ஓடிவந்து கையைக் கொடுத்துத் தாங்கியதும், அலமாரி விளிம்பு இவள் மூக்கில் இடித்ததும் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அம்மாவின் கை எலும்பைக் கூட்டி வைக்க மயக்க மருந்து கொடுத்தார்கள், அம்மா திரும்பி வரவில்லை. அந்த அமளியில் குழந்தையின் மூக்கை யாரும் பார்க்கவில்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவளிடம் சொல்வதென்று நீங்களும் அப்பாவும் முடிவு செய்தீர்கள். தன்னால்தான் அம்மா செத்தாள் என்று அந்தக் குழந்தை வளரக் கூடாது என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். பதினாலு வயதில் கொடுத்த சத்தியம். இதுவரை மீறவில்லை.

இப்போது எலும்பே பேசுகிறது. நான் என்ன சொல்லட்டும்?

வணக்கத்துடன்
உங்கள் அக்கா மகள்

*

பிப்ரவரி 2

ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். கை அப்படியேதான். உளியைப் பிடித்தால் நடுங்குகிறது, டம்ளரைப் பிடித்தால் நடுங்குவதில்லை. என்ன நோயோ.

நீ எழுதியதைப் படித்தேன். செத்துப்போன மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு. அப்பா இருந்தால் விடுவாரா? குழந்தை எப்படியோ வளர்ந்துவிட்டாள், சம்பாதிக்கிறாள், தன் காலில் நிற்கிறாள். இப்போது போய்க் கிளறினால் என்ன லாபம்? படியில் உருண்டு விழுந்தாள் என்று எழுதிவிடு. எல்லாக் குழந்தைகளும் விழுகிறதுதான்.

அலமாரி பேச்சு மட்டும் வேண்டாம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாமா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

நலம் நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதினால் நீ சிரிப்பாய். சிகரெட்டை விட்டுப் பதினாறு நாள் ஆகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதல் வாரம் எரிந்து விழுந்தேன். என்னுடன் தங்கியிருக்கிறாளே, கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, நீ குடிச்சுத் தொலை, நாங்க பிழைச்சுப்போறோம்" என்றாள். ஆனாலும் தொடவில்லை.

மாத்திரைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டார். "யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். என் அக்கா என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள். ஆஸ்பிரினையும் மீனெண்ணெயையும் என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் முந்தின நாள் வந்து பார்ப்பாராம், ஒரு படிவம் கொடுப்பாராம்.

மார்ச் இருபத்தெட்டு என்று நாள் குறித்திருக்கிறது.

பிறவி மூக்கு என்று எழுதியிருந்தாய். சரி அக்கா. நீ சொன்னால் சரிதான்.

அன்புடன்
தங்கை

*

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

சிகரெட்டை விட்டாய் என்று படித்ததும் எங்கள் அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

மூக்கைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். சின்ன வயசில் நீ படியில் ஒருமுறை உருண்டு விழுந்தாய். மூக்கில் ரத்தம் வந்தது. நான் மறந்தே போய்விட்டேன். அதுவாக இருக்கும். டாக்டர் கேட்டால் அப்படிச் சொல்.

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். போகட்டும். நீயே இதைப் பார். கடை மாடியில் இரண்டு ரூம் வைத்து நடத்துகிற இடமாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. ஏதாவது ஆனால் உடனே தூக்கிக்கொண்டு போகத் தீவிர சிகிச்சை அறை அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், கடைசிவரை கூடவே இருப்பாரா என்று கேள். முந்தின ராத்திரி சாப்பிட்ட பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் எந்த நேரம்வரை என்று அவர்கள் சொன்னதைக் கேள். பசிக்கிறது என்று பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மறைத்தால் உயிருக்கு ஆபத்து. நகச் சாயம், உதட்டுச் சாயம் எதுவும் கூடாது. கண்ணாடி போடுகிறவள் நீ, ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் மூக்கின்மேல் கண்ணாடி உட்காரக் கூடாது, அதற்கு என்ன செய்வாய் என்று இப்போதே யோசி. முதல் இரண்டு நாள் யாராவது கூடவே இருக்க வேண்டும். நான் வருகிறேன். இருபத்தாறே வந்துவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போக மாட்டேன், பயப்படாதே.

அந்தப் படிவத்தில் எதையும் மறைக்காதே. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா

*

மார்ச் 4

மாமாவுக்கு,

உடம்பு எப்படி என்று விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

போன புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு லாரி டிரைவருக்குக் குடல்வால் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் அவர் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு கட்டை மாதிரி விறைத்து, கொதிக்க ஆரம்பித்தது. ஐஸ் எங்கே, குளிர்ந்த சலைன் எங்கே என்று எங்கள் அறைக்கு ஓடிவந்தார்கள். அதற்கென்று ஒரு மருந்து உண்டாம், நல்லவேளை கையிருப்பில் இருந்தது, மனிதர் பிழைத்துவிட்டார்.

மறுநாள் மயக்க மருந்து டாக்டர் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "இது ரத்தத்துல வர்றது. அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கலாம். வெளியில எதுவுமே தெரியாது. மயக்க மருந்து உள்ள போனாத்தான் தெரியும். அதனாலதான் குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்துல கோளாறு ஆச்சான்னு கேக்கறோம். முன்னாடியே தெரிஞ்சா வேற மருந்து குடுத்து நிம்மதியா முடிச்சிடலாம்."

மாமா, அம்மாவைத் துணி சுற்றிக் கொண்டுவந்தபோது நீங்கள் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வாயைத் தொறக்க முடியல மச்சான், உடம்பு அடுப்பா சுடுது" என்றீர்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்ற யோசனையே அதிலிருந்துதான் வந்தது.

அம்மாவுக்கு வந்தது இதுதான். சின்னவளுக்கும் இருக்கலாம். எனக்கும் இருக்கலாம். மார்ச் இருபத்தெட்டாம் தேதி அவள் அந்த மேஜையில் படுக்கப் போகிறாள். நான் அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். வாக்குக் கொடுத்தது உங்கள் எதிரில் என்பதால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். உடனே பதில் போடுங்கள். தாமதம் வேண்டாம்.

அக்கா மகள்

*

மார்ச் 12

அம்மாடி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தேன்.

மருந்து விஷயத்தைச் சொல். சொல்ல வேண்டியதுதான், உயிர் விஷயம். ஆனால் அம்மா எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று அவள் கேட்பாள் அல்லவா? கை உடைந்தது என்பாய். எப்படி உடைந்தது என்பாள். கடைசியில் அலமாரியில் வந்து நிற்கும்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்த அலமாரியைச் செய்தவன் நான். உங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு உன் அம்மா, "டேய், இது ஆடுதுடா, சுவரோட சேத்து ஆணி அடிச்சுட்டுப் போ" என்றாள். கையில் நீள ஆணி இல்லை. நாளைக்கு வந்து அடிக்கிறேன் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து மாதம் போயிற்று. குழந்தைக்காக மறைக்கலாம் என்று அப்பாவிடம் முதலில் சொன்னவன் நான்தான். குழந்தைக்காகத்தானா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

நான் இருபதாம் தேதி உன் ஊருக்கு வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் போய் நேரிலேயே சொல்லலாம். இருபத்தெட்டுக்கு நாள் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள். அவள் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன்.

மாமா

*

மார்ச் 16

என் கண்ணான தங்கைக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நேற்று உன் கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். கஸ்டமரைக் கவனித்துக்கொண்டிருக்கிறாய் என்று முதலாளி சொன்னார். என்ன விஷயம், நான் சொல்லிவிடுகிறேன் என்றார். முதலாளியிடம் சொல்லி அனுப்புகிற விஷயமா இது? வைத்துவிட்டேன். மாமா இருபதாம் தேதிவரை பொறு என்கிறார். எனக்குப் பொறுமை இல்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு உன் டாக்டரிடம் போ.

அம்மா காய்ச்சலில் சாகவில்லை. அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தது. அவ்வளவுதான். கையைப் புடவைத் தலைப்பால் கழுத்தோடு கட்டிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தெருமுனையில் திரும்பி, "அடுப்பை அணைச்சியாடி?" என்று என்னைக் கேட்டாள். எலும்பைக் கூட்டி வைக்க மயக்க மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து அம்மாவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு விறைத்து, கொதித்து, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அது ரத்தத்தில் வருகிற கோளாறு என்று எனக்கே இப்போதுதான் தெரியும். உனக்கும் இருக்கலாம். உன் டாக்டரிடம் இதைச் சொன்னால் போதும், மருந்தை மாற்றிக்கொள்வார்கள். ஆபரேஷனை நிறுத்தக்கூட வேண்டாம். நான் உன்னைத் தடுக்கவில்லை. இதைச் சொல் என்று மட்டும் கேட்கிறேன்.

இத்தனை வருஷம் மறைத்ததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. முதலில் போய்ச் சொல்.

அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

நலம். பசிதான் கொஞ்சம் பயமுறுத்துகிறது, நாளைக் காலை எதுவும் சாப்பிடக் கூடாதே.

ஆமாம், நாளைக்குத்தான். இருபத்தெட்டு என்று உனக்கு எழுதியது பொய். நீ இருபத்தாறாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் நான் எப்போதுமே சரி அக்கா என்றுதானே சொல்லியிருக்கிறேன். மூணு நாள் முன்னாடி கடைக்குப் போன் வந்தபோது நான் முதலாளிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையை ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னேன். மன்னித்துவிடு. எல்லாம் முடிந்து கட்டுப் பிரித்ததும் நானே உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன், அப்போது நாலு சாத்து சாத்து.

நீ சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. சிகரெட்டை விட்டு ஐம்பத்திரண்டு நாள். மாத்திரைகளை எழுதிக் கொடுத்த நாளிலேயே நிறுத்தினேன். தீவிர சிகிச்சை அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தேன். நகச் சாயத்தை இப்போதுதான் துடைத்தேன். கூட இருக்க ரூம்மேட் லீவு போட்டிருக்கிறாள். மயக்க மருந்து டாக்டர் நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார்.

படிவத்தில் இருபது கேள்வி. உள்ளதை உள்ளபடி எழுது என்று நீ சொன்னதால் சிகரெட்டைக்கூட மறைக்கவில்லை. பதினான்காவது கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பாதிப்பு வந்ததுண்டா என்று. கொஞ்சம் யோசித்தேன். அப்பாவுக்கு ஆபரேஷனே நடந்ததில்லை. அம்மாவை வேறு விதமாகத்தான் இழந்தோம். உனக்கும் எதுவும் இல்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 2

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு,

பேனா என் கையில் நிற்கவில்லை. ரூம்மேட் எழுதுகிறாள். நான் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ வந்து பத்து நாள் ஆகிறது என்று இவள் சொன்னாள். தினமும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாய். எனக்குத் தெரியும். நான் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறேன்.

சிறுநீரகம் வேலை செய்யவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் போடுகிறார்கள். கால் இரண்டையும் நானாகத் தூக்க முடியவில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் மோசம் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. மூக்கில் கத்தியே வைக்கவில்லை அக்கா. அதற்குள் தாடை பூட்டிக்கொண்டதாம். இந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை, வேறு ஊரிலிருந்து வருவதற்குள் நேரமாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வரி எழுதியிருந்தா போதுமேம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உன் கடிதம் ஆபரேஷனுக்கு மறுநாள் ரூமுக்கு வந்திருக்கிறது. எனக்கு நினைவு திரும்பிய பிறகு இவள் படித்துக் காட்டினாள்.

அம்மா வாசலில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதியிருக்கிறாய். உயிர் போகிற நேரத்திலும் அலமாரி என்று எழுத உனக்குக் கை வரவில்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது அக்கா. இழுப்பறையில் கால் வைத்து ஏறியது நான். அம்மா ஓடி வந்ததும், அந்தச் சத்தமும், என் வாயெல்லாம் ரத்தமும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாவை நான் பார்க்கவில்லை. நீங்கள் காய்ச்சல் என்றீர்கள். பத்து வயசில் எனக்கே புரிந்துவிட்டது, அலமாரிக்கு அடியில் நசுங்கித்தான் அம்மா செத்தாள், என்னால்தான் செத்தாள் என்று. எனக்காக நீ கஷ்டப்பட்டு மறைக்கிறாய், எனக்குத் தெரியும் என்று சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எதில் அடிபட்டது என்று டாக்டர் கேட்டதை உனக்கு எழுதியதுகூட, நீயாகச் சொல்வாயா என்று பார்க்கத்தான். அதனால்தான் பதினான்காவது கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். பொய் என்று தெரிந்து எழுதவில்லை.

தினமும் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அந்த அலமாரிதான் தெரியும். மூக்கைச் சரிசெய்துவிட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். எழுத வரவில்லை என்று உனக்கு எழுதினேனே, அந்தக் காரணம் இதுதான். கை மட்டும்தான் முறிந்தது, அம்மா தன் காலால் நடந்து போனாள் என்று நீ ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் எந்த மேஜையிலும் போய்ப் படுத்திருக்க மாட்டேன். எனக்கு இந்த மூக்கே போதுமாக இருந்திருக்கும்.

உன்மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அம்மா நடந்து போனதும், தெருமுனையில் திரும்பி அடுப்பைப் பற்றிக் கேட்டதும் நிஜமா? இல்லை, என் மனசு ஆறட்டும் என்று நீ எழுதியதா? நிஜமென்றால் உள்ளே வந்து என் காதில் சொல். எழுதியதென்றால் உள்ளே வராதே, அப்படியே ஊருக்குப் போய்விடு. வந்து சொன்னாலும் நான் நம்புவேனா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், நீ நிஜம் சொல்லும்போது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது அக்கா.

தங்கை

அக்கா, இதை எழுதியவள் நான். அவள் இப்போது கண்ணை மூடவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.